பொட்டு வைத்த கேமரா

துளசிங்கம் அண்ணனுக்குக் காரியம் முடிந்துவிட்டது. கோவிலம்பாக்கத்து வீட்டில் மாலை போட்டு வைத்திருந்த படம், எங்கள் ஆபீஸ் அடையாள அட்டைக்காக எடுத்தது. வீட்டில் அவர் தனியாக இருக்கும் வேறு படமே கிடைக்கவில்லை என்றார்கள். தேடி எடுத்த எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் தோளில் அவர் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

தாம்பரம் சானடோரியம் பக்கம், தோல் கையுறை ஏற்றுமதி செய்யும் கம்பெனி எங்களுடையது. அங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. அட்டையில் ‘அட்மின்’ என்று இருந்தது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், ஃபேக்ஸ் பாதியில் நின்றாலும், நெட் போனாலும் யாராவது ஒருவர் “துளசிங்கண்ணா!” என்று கத்துவோம். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதும் இல்லை. ஒருமுறை அணைத்துப் போடுவார், ஒயரைப் பிடுங்கிச் செருகுவார். “இன்னா ராஜா, காலைலயே கோச்சிக்கினியா?” என்று பிரிண்டரைத் தட்டிக் கொடுப்பார். அதற்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு நம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மெஷின் நின்றுபோன நேரத்தில் தனியாக விழித்துக்கொண்டிருப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

வேலைக்கு வந்துதான் பிழைக்க வேண்டும் என்ற நிலையில் அவர் இல்லை. அவர்கள் ஊரின் பழைய குடும்பம். பயிர் வைத்த நிலமெல்லாம் மனைகளாகி, வாடகை வந்துகொண்டிருந்தது. பின்னே ஏன் வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“வூட்ல குந்திகினு இருந்தா பேஜாரா கீதும்மா. இங்க வந்தா டைம் போறதே தெர்ல.”

வருகைப் பதிவுக்கு விரல் ரேகை மெஷின் வந்த புதிதில், ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் கங்கையம்மாளை அது ஏற்கவே மாட்டேன் என்றது. பினாயிலிலும் சோப்பிலும் தேய்ந்த விரல். வைக்க வைக்க, மறுபடி முயலச் சொல்லி இங்கிலீஷில் ஒரு பெண் குரல். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கங்கையம்மாள் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். துளசிங்கம் அண்ணன் முன்னால் போய், வேண்டுமென்றே பதிவு செய்யாத விரலை வைத்தார். அதே குரல்.

“பாத்தியாக்கா? இந்த மெஷின தெனம் தொடைக்கிறேன், என்னையே யாருன்னு கேக்குறா இந்தப் பொம்பள! ஒன் வெரல் மேல தப்பில்ல.”

அன்றே முதலாளியிடம் பேசி, கங்கையம்மாளுக்கு அந்த மெஷினே வேண்டாம் என்று ஆக்கினார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இரண்டாயிரத்து ஏழில் வந்த ஆயுத பூஜைதான்.

எங்கள் ஆபீஸில் பூஜைக்கு எல்லாம் அவர்தான். கம்ப்யூட்டர், யூபிஎஸ், டெலிபோன், தண்ணீர் கேன் ஸ்டாண்ட் வரை சந்தனம் குங்குமம் வைப்பார். கற்பூரம் காட்டும்போது அவர் கண் கலங்கும். விளையாட்டாகச் செய்கிறவர் அல்ல. பூஜை முடிந்தால் மறுநாள் காலை மறுபூஜை வரை எதையும் தொடக்கூடாது. இதில் முதலாளி ரொம்பக் கண்டிப்பு. எப்போதோ ஒருவன் பூஜை போட்ட கம்ப்யூட்டரைத் திறந்தானாம், அந்த மாதம் சரக்கு திரும்பி வந்ததாம்.

பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் பொரிகடலைப் பொட்டலத்தோடு கிளம்புகிற நேரம். ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்த தீபா, லீவில் இருந்தவள், கைக்குழந்தையோடு மூச்சு வாங்க வந்து நின்றாள். அவள் கணவர் இளமாறன் சரக்குக் கப்பலில் வேலை. இவள் மாசமாக இருக்கும்போது போனவர். மகளை இன்னும் பார்க்கவில்லை. அன்று மதியம் கப்பல் ராட்டர்டாமில் நிற்கும், கேமரா உள்ள நெட் சென்டருக்குக் கொஞ்ச நேரம் வருவேன் என்று எழுதியிருந்தார். அதை விட்டால் அடுத்த துறைமுகம் எப்போதோ.

“பிரவுசிங் சென்டர் எல்லாம் பூஜை போட்டு ஷட்டர இறக்கிட்டாங்க அண்ணா. அவர் அங்க காத்துட்டிருப்பார்.”

எங்கள் ஆபீஸில் கேமரா இருந்தது முதலாளியின் மீட்டிங் அறையில் மட்டும். துளசிங்கம் அண்ணன் நேரே அவரிடம் போனார்.

“சார், ஒரு கம்ப்யூட்டர ஆன் பண்ணிக்கறேன்.”

“என்னய்யா, பூஜை போட்டவனே கேக்குற? நாளைக்குக் காலை வரைக்கும் தொடக்கூடாது.”

“வேலைக்குத்தான் சார் தொடக்கூடாது. கொயந்தைய அப்பங்காரன் பாக்கறது வேலையா?”

“சாமி விஷயத்துல வக்கீல் மாதிரி பேசாத.”

“சாமி எதுனா கேட்டா எம்பேர சொல்லிடுங்க சார். நானு பாத்துக்கறேன்.”

முதலாளி குழந்தையைப் பார்த்தார். அது அவர் சட்டைப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. “பிரிண்டர மட்டும் தொட்டுடாத” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறப் போனார்.

மீட்டிங் அறைக்கு நானும் கூடப் போனேன். துளசிங்கம் அண்ணன் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சுவிட்சைப் போட்டார். மோடத்தில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “ராஜா, இன்னிக்கு ஒரு நாளு மானத்த காப்பாத்து.” விளக்கு பச்சையாக நின்றது. திரையில் இளமாறன் முகம் கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தது. தீபா குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

“தீபா, குழந்தைக்கு என்ன? ஒடம்பெல்லாம் செவந்திருக்கு! அம்மை போட்டிருக்கா?”

தீபா பதறிப்போய்க் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. துளசிங்கம் அண்ணன் குனிந்து கேமராவைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். காலையில் அவர் வைத்த பொட்டு, சரியாக அந்தக் கண்ணாடி வட்டத்தின் மேலேயே.

“தம்பி! கொயந்த நல்லாத்தான் கீது. கேமராவுக்கு நெத்தின்னு நெனச்சு கண்ணுலயே பொட்டு வச்சுட்டேன்!”

சட்டை நுனியால் துடைத்ததில் குங்குமம் இன்னும் பரவி, குழந்தை ரோஸ் நிறமானது. என் மூக்குக் கண்ணாடித் துணியை வாங்கி, வாயால் ஊதி ஊதித் துடைத்தார். இந்தக் கலவரத்தில் குழந்தை தூங்கியே போய்விட்டது.

“இருங்க, எழுப்புறேன்” என்றாள் தீபா.

“எழுப்பாத. தூங்கட்டும். இப்பிடியே பாக்குறேன்” என்றார் இளமாறன்.

துளசிங்கம் அண்ணன் என்னை வெளியே வரச் சொல்லிக் கை காட்டினார். கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு கூட்டம். “இன்னா, சினிமாவா ஓடுது? போங்கய்யா!” என்று விரட்டிவிட்டுக் கதவை மறைத்து நின்றுகொண்டார்.

“நீங்களாவது உள்ள இருங்களேன் அண்ணா. லைன் கட்டாச்சுன்னா?”

“கட்டானா அந்தப் பொண்ணே கூப்டும். அது வரைக்கும் நம்ம மூஞ்சி அங்க எதுக்கு?”

நின்ற நேரம் முழுவதும் அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பொரியை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார், சத்தம் வராமல்.

கதவு திறந்தது. குழந்தையைத் தோளில் போட்டபடி தீபா நின்றாள். முகமெல்லாம் ஈரம்.

“நல்லா பாத்தாராம்மா?”

“கொட்டாவி விட்டதக்கூடப் பாத்தார் அண்ணா. என் மூக்குதானேன்னு ரெண்டு தடவ கேட்டார்.”

“அவுரு மூக்கா! ஐயோ, பொம்பளப் புள்ளைக்கு அந்த மூக்கா!” என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டு விழித்து, வீறிட்டு அழ ஆரம்பித்தது.