எண்ணி உதிர்த்த காய்கள்

நைரோபியில் இருக்கும் என் மகள் நான்கு வருடங்களுக்கு முன் காகிதத்தில் மடித்துக் கொடுத்த விதைகள் பதினேழு. முளைத்தவை நான்கு. பிழைத்தது ஒன்று. நம் களாச்செடிக்கு நெருங்கிய உறவு. அங்கே காட்டில் தானாக வளருமாம். கருக்கப் பழுத்ததும் பறித்துத் தின்பார்கள், வேரைச் சூப்பில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள் என்றாள். அல்வாலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட் அருகே நட்டேன். அது எனக்கு முதலில் கொடுத்தது முள்.

அந்த முள் சங்கச் செயலாளரின் புதுச் சட்டையைக் கிழித்தது. அவர் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர்; ‘வேண்டாம்’ என்பது அவர் வாயில் உள்ளூர் உருதுவில் ‘நக்கோ’ என்றும், ‘அப்படியா’ என்பது ‘ஹவ்’ என்றும்தான் வரும்.

“நக்கோ சார், இது நக்கோ. வெட்டிடலாம்.”

“இப்பத்தான் காய் விட்டிருக்கு. பழம் தின்னலாம். வேர்கூடச் சமையலுக்கு ஆகும்.”

“ஹவ்? அப்ப வேரோட பிடுங்கி சூப் வெச்சிடுங்க. பிரச்சினை தீர்ந்தது.”

கெஞ்சி ஒரு மாதம் தவணை வாங்கினேன். அதற்குள் கமிட்டியின் ஏழு பேருக்கும் பழம் காட்டவேண்டும்; இல்லாவிட்டால் செடி போய்விடும். வாராவாரம் வீடியோவில் மகள் முதலில் விசாரிப்பது செடியை. என் ரத்த அழுத்தம் அதற்கு அடுத்துத்தான்.

அன்று காய்கள் முப்பத்தொன்று. தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். கையால் தொடாத உருப்படி அங்கே எண்ணிக்கையில் சேராது. அதே முறைப்படி காலையும் மாலையும் ஒவ்வொரு காயையும் தொட்டு, திருப்பி, பழுத்ததா என்று அழுத்தி எண்ணினேன். மறுநாள் இருபத்தெட்டு. வார முடிவில் பத்தொன்பது. அணில் என்றேன். பிறகு பறவை என்றேன். பிறகு வாட்ச்மேனின் நாக்கு கறுத்திருக்கிறதா என்று பார்க்க, வலியப் போய் வானிலை பேசினேன். அவர் வாய் நிறைய பான். விசாரணை அத்துடன் நின்றது.

பதினொன்று மிஞ்சியிருந்த ஒரு காலை, முதல் மாடி பால்கனியிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

“என்னங்க, அணில் கண்ணாடி போட்டுக்குமா?”

“ஏன்?”

“போட்டிருக்கே. இப்பத்தான் ஒரு காயைத் திருகிக் கீழே தள்ளிச்சு.”

மூக்குக்கண்ணாடி நழுவக் குனிந்து பார்த்தேன். என் செருப்பருகே ஒரு பச்சைக் காய், காம்பில் பால் கசியக் கிடந்தது.

அன்றிலிருந்து என் நடைப்பயிற்சி மொட்டைமாடிக்கு மாற்றப்பட்டது. தவணை முடிந்த ஞாயிறு, கமிட்டி முன் அவளே தட்டில் பழங்களைக் கொண்டுவந்து வைத்தாள். பத்து. ஒன்றுகூடக் குறையவில்லை. செயலாளர் ஒன்றை வாயில் போட்டார். உடனே இரண்டாவதை எடுத்தார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செடி இருக்கலாம், பராமரிப்பு என் மனைவியுடையது, நான் தள்ளி நிற்கவேண்டும்.

தள்ளி என்றால் எத்தனை அடி என்று கேட்டேன். அவர்கள் அதை யோசித்திருக்கவில்லை.

“ஆறுன்னு எழுதிக்கோங்க,” என்றாள் மனைவி.