உள்ளங்கைச் சீனி

"…அப்ப இடக்கையாலயா நக்கச் செல்றீங்க, தங்கச்சி?" என்று சிரித்தும் சிரிக்காமலும் கேட்டார் சலீம் நாநா. அவருடைய வலக்கையில் சுடச்சுட வெறுந்தேத்தண்ணி. இடது உள்ளங்கையில், என் மனைவி கமலா வைத்த ஒரு கரண்டிச் சீனி.

சலீம் நாநா, புத்தளம் தில்லையடியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். வழமையாகப் படலையடியில் நின்றே கதைத்துவிட்டுப் போகிறவர், அன்று உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று. அவர்கள் வழக்கப்படி மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். "சண்டைதான் முடிஞ்சிட்டே. நீங்க ஊருக்குப் போறண்டா இந்த வீட்டைப் புள்ளைக்குக் குடுப்பன். போகல்லண்டா பின் வளவில அவளுக்கு வேற கட்டோணும். ஒண்டைச் செல்லுங்க" என்றார். அவர் வாயில் 'சொல்லுங்க' என்பது 'செல்லுங்க'. நான் வாய் திறக்குமுன் கமலா தேத்தண்ணியோடு வந்துவிட்டாள்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடிவந்த எங்களுக்கு இது நக்குத் தேத்தண்ணி. சீனியைக் கோப்பைக்குள் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. வீட்டு ஆட்கள் குடிப்பது அப்படித்தான். பால் விட்டு, சீனி கலந்து, தட்டில் வைத்துக் கொடுப்பது விருந்தாளிக்கு. எங்கள் வெறுந்தேத்தண்ணி இங்கே பிளேன்டீ; சிலாபம் பக்கம் சிங்களக் கடையில் ஏறினால் கஹட்ட. இப்படிப் பெயர் பிடிப்பதற்காகவே சனத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் நான். வந்த புதிதில் பஸ் நிலையத்தடிக் கடையில் "சீனியைப் புறம்பாத் தாங்கோ" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சீனி வருத்தமா? இந்த வயசிலயா?" மறுக்கக் கூச்சமாக இருந்தது. இன்றுவரை அந்தக் கடையில் எனக்குச் சீனியே கிடையாது. வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்லி அறிவுரை மட்டும் தாராளம்.

போன மாதம் ஊருக்குப் போய்ப் பார்த்தோம். வீட்டுக்குக் கூரையில்லை. கிணற்றுக் கட்டில் ஆலங்கன்று. பக்கத்து வீட்டு மகேசக்கா கட்டிப்பிடித்து அழுதார். பிறகு உள்ளே போய், அலுமாரியில் இருந்த பூப்போட்ட கோப்பைகளைக் கழுவி, பால் விட்டு, சீனி கலந்து, தட்டில் வைத்து நீட்டினார். "புத்தளத்தில இருந்து ஆக்கள் வந்திருக்கினம்" என்று வேலிக்கு அப்பால் யாருக்கோ சொன்னார். கமலா அந்தக் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தாள்.

சலீம் நாநாவுக்கு நான் என்ன சொல்வது? போகிறோம் என்றால், எங்கே? இருக்கிறோம் என்றால், ஒரு பெண்பிள்ளையின் வீட்டை மறித்த பழி. இதற்குள் இவள் வேறு, இடக்கையால் தின்னாத மனிசரின் இடக்கையில் சீனியை வைத்துவிட்டு நிற்கிறாள்!

"ஐயோ நாநா, குறை நினையாதேங்கோ. பதட்டத்தில எங்கட ஆக்களுக்குக் குடுக்கிற மாதிரித் தந்திட்டன். கொண்டாங்கோ, பால் விட்டுக்கொண்டு வாறன்" என்று கமலா கோப்பையை வாங்கக் கை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. "ஒங்கட ஆக்களுக்குக் குடுக்கிற மாதிரியா?" என்று மெதுவாகக் கேட்டார். கோப்பையைக் கதிரையடியில் வைத்தார். சீனியை வலக்கைக்கு மாற்றி, பிஸ்மில்லா சொல்லி, ஒரே நக்காக நக்கினார். பிறகு அதே கையால் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி, குசினி வாசலால் பின் வளவுக்கு இறங்கினார். முருங்கையடியில் நின்று ஒரு மிடறு குடித்தார். மிச்சத்தோடு கோப்பையை மணலில் அடையாளத்துக்கு வைத்துவிட்டு, அங்கிருந்து வேலியை நோக்கிக் காலால் அளந்துகொண்டு நடக்கத் தொடங்கினார்.