கைதட்டிக் கேட்டவர்

சிரம்பான் நகருக்கு வெளியே எங்கள் ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளி புதுக் கட்டடத்துக்கு அரசாங்க மானியம் கேட்டிருந்தது. பார்வையிட வந்த ஒல்லியான அதிகாரி, ஒவ்வொரு வகுப்பிலும் ஒருமுறை கைதட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

பெற்றோர் சங்கத் தலைவனான எனக்குச் சிரிப்பு வந்தது. “என்னா சார் கேக்கறீங்க?” என்றேன்.

“எதிரொலிக்குதான்னு பாக்கறேன் லா. பிள்ளைங்க நெறஞ்சிருந்தா எதிரொலிக்காது.”

அன்று எதிரொலிக்கவில்லை. மானியம் கிடைத்தது. கட்டடம் எழும்புவதற்குள் தோட்ட நிர்வாகம் தொழிலாளர் வீடுகளைக் காலிசெய்யச் சொல்லிவிட்டது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக லாரி ஏறிச் சிரம்பானுக்குப் போயின.

திறப்புவிழாவுக்கும் அவர் வந்தார். புதிய வகுப்பறையில் ரிப்பன் வெட்டியதும் எல்லாரும் பலமாகக் கைதட்டினோம். அவர் மட்டும் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, காதைச் சாய்த்தார்.

நாங்கள் தட்டிய சத்தம் எங்களிடமே திரும்பி வந்தது.