புதுத் தலைவர் நடும் கண்டல்

ஆரையம்பதி வாவிக்கரையில் சேவைக் கழகத்தார் கண்டல் கன்று நடுகிறார்கள். பதாகையில் ‘இரண்டாவது ஆண்டாக’ என்று கொட்டை எழுத்து. கழுத்தில் மாலையோடு புதுத் தலைவர். அவருடைய சப்பாத்து சேற்றில் புதையாமலிருக்கக் கீழே பச்சைத் தழையைத் தடிப்பாகப் பரப்பியிருக்கிறார்கள். அவர் மண்வெட்டியைத் தொட்டதும் எட்டுக் கைபேசிகள் உயர்கின்றன.

பக்கத்துத் தோணியில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருப்பவரிடம் கேட்கிறேன்:

“போன வருசம் நட்டதெல்லாம் பட்டுப்போச்சா அண்ணன்?”

“இல்ல தம்பி, முழங்கால் உயரத்துக்கு வளந்து நிண்டது. காலையிலதான் பிடுங்கினாங்க.”

“ஆரு?”

“இவங்கதான். அது பழைய தலைவர் நட்டதாம். புதுத் தலைவருக்கு இடம் வேணுமாம்.”

தலைவர் ஒலிவாங்கியைப் பிடிக்கிறார். “நாங்கள் இன்று நடுவது நாளைய தலைமுறைக்கு!” கைதட்டுகிறார்கள். அவர் காலடியில் கிடக்கும் தழையை இப்போதுதான் உற்றுப் பார்க்கிறேன்.

எல்லாம் கண்டல், வேரோடு.