க்ளிப் டீச்சரின் குட்டை பெஞ்சுகள்

எழுத்து வகுப்பு என்றால் பென்சில் இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள், க்ளிப் டீச்சரின் மாடியறையைப் பார்த்ததும் கொஞ்சம் ஆடிப்போவார்கள். புதிதாகச் சேர்ந்த பொடிசுகள் கொடியில் துணி க்ளிப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கும். இன்னொரு மூலையில் சில வானரங்கள் பழைய செய்தித்தாளைக் கிழித்து, கிழித்ததை உருட்டி, உருட்டியதைப் பக்கத்து மண்டையில் எறியும். எறிவது பாடத்தில் இல்லை. ஆனால் குறி தப்பினால் டீச்சருக்கே ஏமாற்றமாக இருக்கும் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"எழுத அனுப்பினா, துணி காயப்போடச் சொல்லித் தர்றீங்களே டீச்சர்?" என்று கேட்டார் ஒரு பஸ் டிரைவர். தன் இரட்டைப் பிள்ளைகளைச் சேர்க்க வந்திருந்தார்.

"விரலுக்குத் தெம்பு வரட்டும் சார். க்ளிப்பையே அமுக்க முடியலன்னா பென்சிலை எப்படிப் பிடிக்கும்? உங்ககிட்ட முதல் நாளே பஸ்ஸை ஓட்டுன்னா கொடுத்தாங்க?"

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டார். அது சரி என்பதற்கு அவர் வைத்திருந்த சைகை அது.

டீச்சர் முன்பு பார்சல் ஆபீஸில் இருந்தவர். முகவரி என்ற பெயரில் ஜனங்கள் கிண்டி வைக்கும் கோழிக் கிறுக்கலைப் படித்துப் படித்தே கண்ணாடி போட்டவர். யாருக்கோ ஆசையாக அனுப்பிய பொட்டலம் முகவரி புரியாமல் திரும்பி வரும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். பெரியவர்களைத் திருத்த முடியாது, முளையிலேயே பிடிப்போம் என்று வேலையை விட்டார். வகுப்பில் ஒரு தடவைகூட அவர் வாயில் "அசிங்கமா இருக்கு" என்ற சொல் வந்ததில்லை. பக்கம் முழுக்கக் கோணல் என்றாலும், "இதுல யாருடா ராஜா?" என்றுதான் கேட்பார். பிள்ளையே தேடி, இருப்பதில் உருப்படியான எழுத்துக்கு ஒரு கிரீடம் வரைய வேண்டும். மறுநாள் ராஜாவுக்குத் துணையாக ராணி கிடைப்பாள். அப்புறம் மந்திரி. ஒரு மாதத்தில் அரண்மனையே நிரம்பிவிடும்.

இரட்டையரில் பெண் சில நிமிடம் முன்னால் பிறந்தவள். அந்தச் சில நிமிடத்தை வைத்து ஆயுசுக்கும் அதிகாரம் பண்ணுகிற ரகம். தம்பியைவிட ஒரு தலை உயரம் வேறு. அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தம்பியின் கையெழுத்தோ மழையில் நனைந்த எறும்புக் கூட்டம். வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்வான். எழுதச் சொன்னால் அதை அவனாலேயே படிக்க முடியாது. கடைசிப் பரீட்சையிலும் இப்படித்தான் என்றால் அவனை அதே வகுப்பில் நிறுத்திவைப்போம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அக்கா மட்டும் மேலே போவாள். பிறந்ததிலிருந்து ஒரே பாயில் அடித்துக்கொண்டு தூங்குகிற இரண்டும் தனித்தனி வகுப்பில்.

"நிம்மதியா இருப்பேன்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீச்சர் அதைக் கவனித்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

விசேஷம் என்னவென்றால், மாடியறையில் தம்பி நன்றாகவே எழுத ஆரம்பித்தான். ராஜாக்கள் வரிசையில் நின்றார்கள். பள்ளிக்கூடம் போனால் மறுபடி எறும்புக் கூட்டம். டீச்சர் பென்சிலை மாற்றினார், தாளை மாற்றினார், கண்ணைச் சோதிக்கச் சொன்னார், காலையில் என்ன சாப்பிட்டான் என்றுகூட விசாரித்தார்.

"திருஷ்டியா இருக்குமோ டீச்சர்?" என்றார் டிரைவர்.

"கோழிக் கிறுக்கலுக்கு யார் சார் கண்ணு வைப்பாங்க?"

கடைசியில் வகுப்பு மிஸ்ஸிடம் அனுமதி வாங்கி, பள்ளி விட்ட பிறகு அவனை அவன் பெஞ்சிலேயே உட்காரவைத்து எழுதச் சொன்னார். அவன் எழுத, ரப்பர் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்த டீச்சர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

பையனின் கால்கள் அந்தரத்தில் தொங்கின. ஒன்று பெஞ்சுக் காலைக் கொடி மாதிரி சுற்றியிருந்தது. மற்றது தரையைத் தேடித் துழாவியது. சறுக்காமல் இருக்க அவன் பாதி பலத்தை அங்கேயே செலவழித்துக்கொண்டிருந்தான். மிச்சம் இருந்ததுதான் பென்சிலுக்கு.

டீச்சர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் தச்சர். யாரோ கேட்ட பெஞ்சுகளுக்குத் தப்பாக அளவெடுத்துக் காலைக் குட்டையாக அறுத்துவிட, வாங்க ஆளில்லாமல் அவை மாடியறைக்கு வந்து சேர்ந்தன. அங்கே எல்லாப் பாதமும் தரையில் பதிந்தது. தன் சாமர்த்தியம் என்று இத்தனை நாள் டீச்சர் நினைத்ததில் பாதி அந்தக் குட்டை பெஞ்சுகளின் சாமர்த்தியம்.

"விரலையே பாத்துட்டு காலைப் பாக்காம விட்டுட்டேன் மிஸ். தப்பு என்னோடது," என்றார்.

"நான் தினமும் இங்கதானே நிக்கிறேன், எனக்கும் தெரியலையே," என்றார் மிஸ்.

வீட்டுக்காரர் காலுக்கு ஒரு மரக்கட்டை செய்துகொடுத்தார். பரீட்சையன்று டீச்சரே அதைக் கொண்டுபோய்ப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, வராந்தாவில் நின்றார். பையன் காலை வைத்தான். டக். எடுத்து வைத்தான். டக் டக். கட்டை நேர்தான், தரைதான் குண்டும் குழியும். வகுப்பே கெக்கெக்கென்று சிரித்தது. அவன் முகம் சிவந்து, கட்டையை உதைத்துத் தள்ளிவிட்டான்.

டீச்சர் வாசல்வரை ஓடி நின்றார். உள்ளே போக முடியாது, மணி அடித்தாயிற்று.

பையன் பென்சிலை எடுத்தான். கால் தொங்கியது. தோள் ஏறியது. பக்கத்தில் இருந்த அக்கா தன் தாளைப் பார்த்தபடியே பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தாள்.

"என்ன அங்க? காப்பியா?" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ். இவன் கால வெச்சிருக்கான்."

"எங்க?"

"என் கால் மேல."

மிஸ் வந்து குனிந்து பார்த்தார். அக்காவின் இரண்டு பாதமும் தரையில். அவற்றின் மேல் தம்பியின் இரண்டு பாதம், ஷூவோடு. மிஸ் நிமிர்ந்தார்.

"ஆடாம எழுதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதி முடிக்கும்வரை அந்த நான்கு பாதமும் நகரவில்லை. நடுவில் ஒரே ஒரு முறை, "ஷூவைக் கழட்டிருக்கலாம்ல, எருமை," என்று ஒரு முணுமுணுப்பு.

இரட்டையரைத் தவிர எல்லோரும் போன பிறகு மிஸ் அவன் தாளை எடுத்துப் படித்தார். முதலில் மனதுக்குள், பிறகு வாய்விட்டு, ஓர் இடத்திலும் தட்டாமல். வராந்தாவில் டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார், பக்கத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த டிரைவர்.

"படிக்க முடியுது. ரெண்டு பேரும் அடுத்த வகுப்புதான்," என்றார் மிஸ். பிறகு காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி, "டீச்சர், மத்த பிள்ளைங்க காலும் தொங்குது. இன்னிக்குத்தான் எண்ணிப் பாத்தேன்," என்றார்.

"பெஞ்சை எல்லாம் அறுத்துடலாம் மிஸ். எங்க வீட்டுல அதுல நல்ல பழக்கம்."

தம்பி ஓட்டமாக அப்பாவிடம் பாய்ந்தான். அக்கா மட்டும் எழுந்து, நொண்டி, மறுபடி உட்கார்ந்தாள்.

"எல்லாரும் அவனையே கொஞ்சுங்க. எனக்கு ரெண்டு காலும் மரத்துப்போச்சு."

டீச்சர் உள்ளே வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். ஷூ நாடாவை அவிழ்த்து, சிவந்துபோன அந்தக் காலை மடியில் வைத்து, விரல் விரலாகத் தேய்த்துவிட ஆரம்பித்தார்.

"மெதுவா டீச்சர், கூசுது," என்றாள் அவள். காலை மட்டும் எடுக்கவில்லை.