பவளம் சுரண்டினவர்

என் வீட்டுக்காரர் பார்த்த வேலையைச் சொன்னால், "கல்லைச் சுரண்டவா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. கடல் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடம் அதைத்தான் செய்தார். கடலடியிலிருந்து எடுத்த பவளப்பாறையைப் பலகை மாதிரி அறுத்து அவர் மேஜையில் வைப்பார்கள். அது வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளருமாம். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற துளைப்பானால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பட்டையைச் சுரண்டினால், அது ஒரு மாதத்துப் பொடி; அதைத் தனியாக ஒரு குப்பியில் அடைப்பார். பொடியிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்தால் அந்த மாதம் கடலின் மேல்தண்ணீர் எப்படி இருந்தது என்று தெரியும். ஆழத்துப் பழைய தண்ணீர் மேலே ஏறிவரும் பருவத்தில் அளவு குறையும்.

"கை நடுங்கினா ரெண்டு மாசம் ஒண்ணாக் கலந்துடும்" என்று பீற்றிக்கொள்வார். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் மட்டும் சுவரே பெயர்ந்து வரும்.

போன வருடம் அவருக்கு வயிற்றுவலி வந்தது. மாத்திரை விழுங்கி மூச்சை ஊதும் பரிசோதனை ஒன்றை டாக்டர் எழுதினார். இவர் குறுக்கே விழுந்து தடுத்தார். அந்த மாத்திரையிலும் அதே கார்பனாம். விழுங்கியவர் மூச்சு பட்டால் பொடியெல்லாம் பாழ், மாதக்கணக்கில் ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைக்க முடியாது என்றார்.

"சரி, குழாய் விட்டுப் பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

"அதுக்கு லீவு போடணும் சார். எங்க ஆய்வுக்கூடத்து மேடம் அவசரப்படுத்தறாங்க. இந்தப் பலகை முடியட்டும்."

வெளியே வந்ததும் கத்தினேன். "உங்க வயித்துவலியை மேடமா வாங்கிக்கப் போறாங்க?"

"எழுபது குப்பிதான் பாக்கிம்மா. கொஞ்சம் பொறு."

எழுபது குப்பி ஐந்து மாதம் இழுத்தது. தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. வயிற்றில் புற்றுக்கட்டி, ஈரல் வரை பரவியிருந்தது. ஏழே வாரம். போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து மேடம் வீட்டுக்கு வந்தார். கையில் ஏறி இறங்கும் கோடு போட்ட தாள்.

"ஒரு மாசம்கூட கலக்கலை. எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தக் கல்லுக்கு அப்படி என்ன மேடம் அவசரம்? அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

மேடம் திகைத்துப் போனார். "அவசரமா? நான் தேதியே சொல்லலைங்க. வயித்துவலின்னு ஒரு வார்த்தை அவர் எங்கிட்ட சொல்லலையே!"

மூச்சுப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன்.

"அதுல கதிரியக்கம் இல்லாத மாத்திரையும் இருக்குங்க. எங்க ஆளுங்க அதைத்தான் கேட்டு வாங்குவாங்க. புதுசா சேர்றவங்களுக்கு இதைச் சொல்லிக்குடுக்கிறதே அவர்தான்."

மேடமைத் திட்ட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. என் வீட்டுக்காரருடைய அப்பாவும் வயிற்றில் கட்டி வந்துதான் செத்தார். பயந்திருக்கிறார் மனுஷன், வேறொன்றுமில்லை. பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் கத்துவேன் என்று நினைத்தாரோ என்னவோ. கத்தியிருப்பேன்தான். கத்திக்கொண்டே கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பேன்.