மேசைக்கு அடியில் ஒரு பிரேக்

என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில், அத்தான் உட்காரும் நாற்காலிக்கு முன்னால், தரைவிரிப்பு ஓர் இடத்தில் மட்டும் நூல் நூலாகத் தேய்ந்திருக்கும். எலி கடித்துவிட்டதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். எலியெல்லாம் இல்லை. என் அத்தானின் வலது கால்தான்.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எங்கள் ஊரில் பாதிப் பேர் முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்தது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான். அவர்களுக்கெல்லாம் அவர் ‘மாஸ்டர்’. பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிற ஆள் பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் சரி, எதிரே லாரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, அத்தான் சத்தம் போட மாட்டார். காலை அழுத்துவார், வண்டி நிற்கும். "பரவால்ல, மறுபடி எடுங்க" என்பார். அப்படி ஒரு பொறுமை. அதில் கால்வாசி வீட்டுக்கு வந்திருந்தால் என் அக்காவுக்கு இவ்வளவு சீக்கிரம் நரை விழுந்திருக்காது.

வீட்டில் பிரேக் கிடையாது, கால் மட்டும் இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வந்தால் கால் தரையை மிதிக்கும். மகள் ஈரத் தரையில் நடந்தால் மிதிக்கும். அக்கா ஸ்டூலில் ஏறி பரணில் கை வைத்தால் ஒரே மிதி. கூடவே வாயும் திறந்துகொள்ளும். அடுப்பை யார் பார்த்துக்கொள்வது, தண்ணீரை யார் கொட்டியது, இந்த வீட்டில் யாருக்காவது பொறுப்பு இருக்கிறதா என்று வரிசையாக வரும். நான் பேச ஆரம்பித்தாலும் மிதிப்பார். அது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் எதிர் நாற்காலி என்னுடையது, பல நாள் மிதி வாங்கியதும் என் கால்தான்.

நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். மச்சினி என்கிற முறையில் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையை ஒரு நாளும் வீணடித்தது கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கற்றுக்கொடுக்கிற உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவரிடம் ஒரு சான்று வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் போகிற போக்கில் வாங்கி வருகிற சான்றுதான். இந்தத் தடவை புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அத்தானின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடி அடித்தார். அடுத்த கைக்கு மாற்றினார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டார். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருக்கிறது, கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

அக்காவும் நானும் பக்கத்தில்தான் இருந்தோம். எப்போதெல்லாம் டென்ஷன் ஆவீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். தனக்கு டென்ஷன் என்பதே கிடையாது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்றார் அத்தான். அக்கா இருமினாள். அதே நேரம் வெளியே ஏதோ ஒரு குழந்தை தடுக்கி விழுகிற சத்தம் கேட்டது. மேசைக்கு அடியில் இருந்த குப்பைத்தொட்டியின் மூடி ‘படார்’ என்று திறந்தது. காலால் மிதித்துத் திறக்கிற தொட்டி அது. அத்தானின் கால் மிகச் சரியாக அதன் மிதியில் இருந்தது.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். பிறகு அத்தானை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துப் பேசினார்.

"இந்தக் கால் எப்பெப்ப மிதிக்குதுன்னு கவனிங்க. அவருக்கே தெரியாது. மாத்திரை என் வேலை, இது உங்க வேலை."

உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், ஒரு மாதம் பயிற்சிக் காரில் ஏறவே கூடாது. மறுபடி வரும்போதும் அழுத்தம் இறங்காமல் இருந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். வேறு வேலை என்ன என்பது எங்களுக்குத் தெரியும். பயிற்சிப் பள்ளி முதலாளி ஏற்கெனவே அலுவலக மூலையில் ஒரு நாற்காலியைக் காட்டி வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்து போனை எடுத்து, யாருக்கு எப்போது வகுப்பு என்று சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து அத்தான் கையெழுத்தில்லாத சான்றுத் தாளை மேசைமேல் வைத்தார். அப்புறம் அக்காவிடம், "எனக்கு அந்த சீட்டைத் தவிர வேற எங்கேயும் உட்காரத் தெரியாதும்மா" என்றார். வாய் வரை வந்த கிண்டலை விழுங்கிவிட்டேன்.

மறுநாளே வைத்தியம் ஆரம்பமானது. நடைக்குப் போனார். போனவர் ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினார். முச்சந்தி வந்தால் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு, முன்னே போகிறவரிடமிருந்து எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று அங்கேயே ஒரு வகுப்பு எடுத்தார். நடந்துவிட்டு வந்தபோது போனதைவிடச் சூடாக இருந்தார்.

மகள் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். கண்ணை மூடி இழுங்கள், மெதுவாக விடுங்கள், எதையும் நினைக்காதீர்கள் என்றாள். அத்தான் ஒற்றைக் கண்ணைத் திறந்து அடுப்பைப் பார்த்தார்.

"நினைக்காதீங்கன்னு சொன்னேன்ல, அப்பா?"

"எப்படி நினைக்காம இருக்குறதுன்னுதாம்மா யோசிச்சிட்டிருக்கேன்."

மகள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். என்னைக் கேட்டால் ஒரு கத்தலில் இதையெல்லாம் சரி செய்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அக்காதான் யோசித்தாள். கடைக்குப் போய், டாக்டரம்மாவிடம் இருந்ததுபோலவே மிதித்துத் திறக்கிற தகரத் தொட்டி ஒன்று வாங்கி வந்தாள். அதில் குப்பை எதுவும் போடவில்லை. தேய்ந்த தரைவிரிப்பின் மேல், அத்தானின் காலுக்கு நேராக வைத்தாள். சாப்பாட்டு மேசைக்குக் கீழே குப்பைத்தொட்டியா என்று நான் எகிறினேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

முதல் நாள் வீட்டில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. படார், படார், படார். ஒரு வாய் சாப்பாட்டுக்கு ஒரு படார். மற்றவர்களைவிட அத்தான்தான் அதிகமாக மிரண்டுபோனார். ஏதோ மகள் விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். குனிந்து பார்த்து, தன் கால்தான் என்று தெரிந்ததும் முகமே மாறிவிட்டது. இவ்வளவு தடவையா என்று அக்காவைக் கேட்டார். இன்றைக்குக் கொஞ்சம் குறைவுதான் என்றாள் அவள்.

சத்தம் கேட்கத் தொடங்கியதும் எங்களுக்கும் ஒன்று புரிந்தது. தெருவில் லாரி அலறிக்கொண்டு போனால் மூடி திறக்கவில்லை. முதலாளி போனில் கத்தியபோதும் திறக்கவில்லை. பால் பொங்கும்போது, மகள் கிளம்பும்போது, அக்கா ஸ்டூலில் ஏறும்போது மட்டும் திறந்தது. சுடும், வழுக்கும், விழும் என்று எங்களுக்கு எதுவெல்லாம் நடக்கக்கூடுமோ, அதற்கெல்லாம் திறந்தது. கோபக்கார மனிதர் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம். மனிதர் எங்களுக்காகப் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். காரிலாவது அவருக்கு ஒரு பிரேக் இருந்தது, வீட்டில் பாவம் வெறும் தரை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியென்றால் நான் பேசும்போது எதற்குத் திறக்கிறது என்று கேட்டேன். உன் வாய் உன்னை எங்கே கொண்டுபோய் மாட்டிவிடுமோ என்றுதான் என்றாள் அக்கா. கலங்கின கண் உடனே காய்ந்துவிட்டது.

அதன் பிறகு அக்கா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். மூடி திறந்தால் சண்டைக்கும் போக மாட்டாள், சமாதானமும் சொல்ல மாட்டாள். ஒரே ஒரு வார்த்தை. "அணைச்சாச்சு." "துடைச்சாச்சு." "பூட்டியாச்சு." மூடி மெல்லக் கீழே இறங்கும். சில நாளில் அத்தானே சத்தம் கேட்டுக் காலை எடுத்துவிட்டு, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்பார். படார் குறைந்தது. முழுசாக நின்றுவிடவில்லை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பேச்சைப் பேசி முடிக்க முடிந்தது.

இதற்கு நடுவில் அவருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் அத்தான் அக்காவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போனார். ஊருக்கெல்லாம் பொறுமை காட்டுகிறவர், பெண்டாட்டி சாவியைத் திருகுவதற்கு முன்பே பிரேக்கை மிதித்துவிட்டார். இவள் நகர்த்தப் பார்க்க, அவர் நிறுத்தப் பார்க்க, வண்டி வாசலைத் தாண்டவே இல்லை. அக்கா இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சே அந்த வீட்டில் இல்லை. ஆனால் ஆசை போகவில்லை. போன வருஷம் நான்தான் அவளை வேறொரு பள்ளியில், ஒரு அம்மாவிடம் சேர்த்துவிட்டேன். கற்றுக்கொண்டு, தேறி, உரிமமும் வாங்கிவிட்டாள். அத்தானிடம் சொன்னால் தரையில் ஓட்டை விழும் என்று பயந்து, அந்த உரிமத்தை என் கைப்பையில் வைத்திருந்தோம்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போகிற நாள் வந்தது. அத்தான் காலையிலிருந்தே சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டிப்போக என் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். அக்கா வந்தாள், என் முன்னால் கையை நீட்டினாள். எனக்கு ஒரு நிமிஷம் எதற்கென்று புரியவில்லை.

புரிந்ததும் அவளை ஓரமாக இழுத்துப்போய் வாங்கு வாங்கென்று வாங்கினேன். இன்றைக்குப் போய் இந்த விளையாட்டா, அங்கே போவதற்குள் அவருக்கு அழுத்தம் தலைக்கேறிவிடும், அந்த மூலை நாற்காலிதான் மிச்சம், உனக்கு என்ன பைத்தியமா என்று கத்தினேன். அக்கா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான் வேணும். சாவியைக் குடுத்துட்டு பின்னாடி போய் உட்காரு."

அத்தான் பேயறைந்த மாதிரி நின்றார். அக்கா ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ஏறுங்க" என்றாள். ஏறினார். முதலில் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். என் காரில் அந்தப் பக்கம் என்ன இருக்கும், ஒரு ரப்பர் விரிப்பு இருந்தது. வண்டி கிளம்பியது.

அத்தானின் கால் அந்த விரிப்பைப் படுத்தின பாட்டைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். தெரு முனையில் மிதித்தார். பஸ்ஸைப் பார்த்து மிதித்தார். பச்சை விளக்கிலும் மிதித்தார். எல்லாம் கெட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கடைவீதியில், நின்றுகொண்டிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் திடீரென்று குறுக்கே வந்தது. அத்தான் காலைத் தூக்கிவிட்டார். ஆனால் அது தரையைத் தொடுவதற்குள் வண்டி நின்றிருந்தது. குலுக்கல்கூட இல்லை. சைக்கிள்காரர் அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

"போட்டாச்சு," என்றாள் அக்கா.

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க மிதிக்கிறதுக்கு முன்னாடியே நான் போட்டாச்சுங்க. காலை எடுங்க."

கால் அந்தரத்திலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மெல்லப் பின்னால் வந்து இருக்கையை ஒட்டி நின்றுகொண்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன, அக்கா வண்டியை எடுத்தாள். அடுத்த சந்திப்பு தாண்டியதும் அத்தான் அவள் பக்கம் திரும்பினார். எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"நீங்க ஊருக்கெல்லாம் கத்துக்குடுத்துட்டிருந்தப்ப."

கிளட்சைக் கொஞ்சம் சீக்கிரம் விடுகிறாய் என்றார். மாஸ்டர் வேலையை டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அவள். அத்தான் சிரித்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

டாக்டரம்மா அவரைச் சற்று நேரம் சும்மா உட்கார வைத்துவிட்டுப் பட்டையைச் சுற்றினார். நாங்கள் இருவரும் மேசைக்கு அடியில் இருந்த தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டரம்மாவும் ஒரு கண்ணை அதன்மேல் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். மூடி அசையவில்லை. காற்று இறங்கி முடிந்தது. இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும், மாத்திரையை விட்டுவிடக் கூடாது, மாதா மாதம் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

வெளியே வந்ததும், இனி என்ன, மாஸ்டர் மறுபடி மாஸ்டராகிவிட்டார் என்று சாவியை அத்தானிடம் நீட்டினேன். வாங்கினார். ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அக்காவிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

இரண்டு தெரு தாண்டவில்லை, தூங்கிவிட்டார். பஸ்ஸிலும் ரயிலிலும்கூட எந்த டிரைவரையும் நம்பிக் கண் மூடாத மனிதர், வாயைத் திறந்து, தலையைக் கதவில் சாய்த்துத் தூங்கினார். கால் மேல் கால் போட்டிருந்தார். பெரிய சாலையில் திரும்பும்போது அக்கா கொஞ்சம் ஒட்டி ஒடித்துவிட்டாள், பின்சக்கரம் நடைபாதையின் விளிம்பில் ஏறித் தடாலென்று இறங்கியது. அத்தானிடம் ஓர் அசைவு இல்லை.

அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். என் வலது கால் முன் இருக்கைக்கு அடியில் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"போட்டாச்சுடி," என்றாள்.